தொடக்கப் பள்ளிகளில் நேர்மறை நடத்தை ஆதரவுத் திட்டத்தை விரிவாக்குவது எப்படி?

நேர்மறை நடத்தை ஆதரவு என்பது, தண்டனையை மட்டுமே நம்பாமல், நல்ல நடத்தையைப் பள்ளி முழுவதும் கற்பித்துப் பாராட்டி வளர்க்கும் திட்டம். ஒரு பள்ளியில் பலன் தந்த இத்திட்டத்தை மாவட்டம் முழுவதற்கும் கொண்டுசெல்ல விரும்பும் அலுவலர், எத்தனை பள்ளிகளைச் சேர்க்கலாம் என்று பார்ப்பதற்கு முன், மாதந்தோறும் பள்ளிகளுக்கு நேரில் செல்ல எத்தனை பயிற்றுநர்கள் இருக்கிறார்கள் என்று கணக்கிட வேண்டும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கல்வித்துறை, ஷெப்பர்டு பிராட் மருத்துவ அமைப்பு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் கைகோத்தே இத்திட்டத்தை வளர்த்தன. அங்கு 37 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற 21 பள்ளிகளில் மாணவர் இடைநீக்கம் குறைந்தது. அப்பள்ளிகளுக்குப் பயிற்சியோடு, தொடர்ந்து வழிகாட்டும் பயிற்றுநர்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆசிரியர்களிலும் பணியாளர்களிலும் குறைந்தது 80 விழுக்காட்டினர் உடன்பட்ட பள்ளிகளையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலிடத்து உத்தரவுக்காகச் சேர்ந்த பள்ளியில் சுவரொட்டிகள் மட்டுமே மிஞ்சும் என்பது என் கணிப்பு.

அடுத்தது, பலரும் அவசரத்தில் தாண்டிவிடும் வேலை: ஒழுங்கு மீறல் படிவத்தை எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக்குவது. ‘மரியாதைக் குறைவு’ என்ற கட்டத்தில் ஓர் ஆசிரியர் முகத்தைச் சுளித்த குழந்தையையும், இன்னொருவர் கெட்ட வார்த்தை பேசிய குழந்தையையும் பதிவுசெய்தால், இரு பள்ளிகளின் எண்களையும் ஒப்பிட்டுப் பயனில்லை. எது வகுப்பிலேயே தீர்க்க வேண்டியது, எது தலைமையாசிரியரிடம் போக வேண்டியது என்பதை எடுத்துக்காட்டுகளோடு எழுதிவைத்து, மீறல் நடந்த இடத்தையும் நேரத்தையும் குறிக்கச் சொல்லுங்கள்.

நடத்தை விதிகளை அந்தந்த இடத்திலேயே கற்பிக்க வேண்டும். உணவுக்கூடத்தில் ‘ஒழுங்காக நில்’ என்றால் ஆறு வயதுக் குழந்தைக்கு ஒன்றும் விளங்காது. முன்னால் நிற்பவருக்கும் தனக்கும் இடையில் ஒரு கை நீளம் விட்டு, தட்டை இரு கைகளாலும் பிடித்து நடந்து காட்டி, பிறகு குழந்தைகளையும் நடந்து பார்க்கச் சொன்னால் விளங்கும். சரியாகச் செய்த குழந்தையிடம், எதைச் சரியாகச் செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பாராட்டுங்கள்.

எல்லாக் குழந்தைகளுக்குமான முதல் அடுக்கின் நடைமுறையை அளக்கும் மதிப்பீட்டுப் படிவத்தில் 70 விழுக்காட்டை எட்டாத பள்ளியில், கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளுக்கான இரண்டாம் அடுக்கைத் தொடங்க அவசரப்பட வேண்டாம். ஆண்டுதோறும் ஆசிரியர்கள் மாறுவதால், புதிதாக வருபவர்களுக்கான பயிற்சிச் செலவையும் முதலாண்டு நிதித் திட்டத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.