515-இல் மாமல்லபுரம்: பலரும் செய்யும் தவறுகள்

மாமல்லபுரத்துக்கு பஸ் என்றாலே பலருக்கும் ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலைதான் ஞாபகம் வரும். தாம்பரத்தில் கிளம்பி வண்டலூர், கண்டிகை, மாம்பாக்கம், கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகப் போகும் 515-ஐ அந்தப் பக்கத்துக்காரர்களைத் தவிர அதிகம் பேர் கண்டுகொள்வதில்லை. மாநகரப் பேருந்துத் தடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று இதில் ஏறாதீர்கள். இது கடலை விட்டு உள்ளே தள்ளிப் போகும் பாதை. வண்டலூர் காட்டோரம், ஏரிக்கரை ஊர்கள், புதுப்பாக்கம் ஆஞ்சநேயர் மலை, நடுநடுவே முளைத்த அடுக்குமாடிகள் என்று சென்னை எந்தத் திசையில் வளர்கிறது என்பதை ஜன்னலிலேயே பார்க்கலாம். சீக்கிரம் போய்ச் சேர நினைப்பவர்களுக்கு இந்த வண்டி ஒத்துவராது.

நம்பரை மட்டும் பார்த்து ஓடிப்போய் ஏறுவது அடுத்த தவறு. பாதி வழியோடு நின்றுவிடும் கட் சர்வீஸும் உண்டு என்பதால், போர்டில் கடைசி ஊர் எது என்று படியுங்கள். சந்தேகம் இருந்தால் கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து இலவசம் என்பது சாதாரணக் கட்டணப் பேருந்துக்கு மட்டும்தான். முகப்பில் பிங்க் நிறம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்மாவட்ட பஸ்ஸில் வந்து கிளாம்பாக்கத்தில் இறங்குபவர்கள் தாம்பரம் வரை திரும்பிப் போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே வண்டலூரில் பிடிக்கலாம். உட்கார்ந்துதான் போக வேண்டும் என்றால் மட்டும் தாம்பரம் போங்கள். காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை கல்லூரி மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் நெருக்கியடிக்கும் நேரம். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அப்போது ஏறாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

கேளம்பாக்கத்தில் வண்டி தெற்கே திரும்பியதும் காலை வெயில் இடது பக்கம் அடிக்கும். அதற்குப் பயந்து வலது பக்கம் மாறிவிடாதீர்கள். பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும் இடப்பக்கம்தான்.

இந்தத் தடத்தில் எனக்குப் பெரிய மனக்குறை, பலரும் திருப்போரூரில் இறங்காமலே கடந்துபோவதுதான். கந்தசாமி கோயில் மூலவர் பனைமரத்தாலான சுயம்பு. அதனால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது, அபிஷேகம் யந்திரத்துக்குத்தான். கோயிலைப் பார்த்து, குளக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறுங்கள். அங்கிருந்து ஆலத்தூர் தொழிற்பேட்டை, பையனூர் தாண்டி, பூஞ்சேரியில் ஓஎம்ஆர் எனும் பழைய மாமல்லபுரம் சாலை முடியும் இடத்தைத் தொட்டு மாமல்லபுரம் வந்துவிடும்.

போய் இறங்கியதும் நேரே கடற்கரைக் கோயிலுக்கு ஓடாமல், திரும்பும் வண்டி எப்போது என்று பஸ் ஸ்டாண்டிலேயே விசாரித்து வையுங்கள். சாயங்காலம் அதைத் தவறவிட்டால் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு பஸ் பிடியுங்கள். அங்கிருந்து மின்சார ரயிலில் தாம்பரம் வந்துவிடலாம்.