டிரெல்லோ போர்டை யாரெல்லாம் பார்க்கிறார்கள்? அனுமதிகளைச் சரிபார்க்கும் முறை

மார்த்தாண்டம் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு சிறு அலுவலகத்துக்குச் சில மாதங்கள் கணினி உதவி செய்துவந்தேன். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் டிரெல்லோவில் ஒரு போர்டு வைத்திருந்தார்கள். டிரெல்லோ என்பது வேலைகளை ‘போர்டு’ என்ற பலகையில் ‘கார்டு’ என்ற அட்டைகளாக ஒட்டிப் பின்தொடர உதவும் இணையச் செயலி. வீட்டு உரிமையாளர் பெரும்பாலும் வளைகுடா நாட்டில் இருப்பார் என்பதால், அஸ்திவாரம் தோண்டுவதிலிருந்து பெயின்ட் அடிப்பது வரை அவருக்குப் படங்களாகக் காட்ட அது நல்ல ஏற்பாடுதான். ஒருநாள் அப்படி ஒரு போர்டின் லிங்க்கை, டிரெல்லோ கணக்கே இல்லாத என் கைபேசியில் தற்செயலாகத் திறந்தேன். கடவுச்சொல் எதுவும் கேட்காமல் போர்டு திறந்துவிட்டது. ‘ஆவணங்கள்’ என்ற கார்டைத் தொட்டதும் ஒரு குடும்பத்தின் பட்டா நகலும், பன்னிரண்டு எண்களும் தெளிவாகத் தெரியும் ஆதார் நகலும் திரையில் வந்து நின்றன. அந்த வீட்டில் அவர்கள் குடியேறி எட்டு மாதம் ஆகியிருந்தது.

“அண்ணன் கத்தார்ல இருந்து திறக்க முடியலன்னு சொன்னாங்க சார், அப்போ பப்ளிக் ஆக்கிக் குடுத்தேன்” என்றார் அலுவலகத்தில் இருந்த தங்கை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அனுமதி கொடுக்க ஒரு விரல் தொடுகை போதும். அதைத் திரும்பப் பெறும் வேலையோ அந்த அலுவலகத்தில் யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைப் புதியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: நோட்டுப் புத்தகம்

செயலியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: போர்டின் பெயர், அதில் இருப்பவர், அவருக்கு அங்கே என்ன வேலை, எந்த நாள் வரை. நான்காவது கட்டத்தை நிரப்பும்போதுதான் பலரும் தயங்குகிறார்கள். டைல்ஸ் பதிப்பவருக்குத் தளவேலை முடியும் வரை, உரிமையாளருக்குச் சாவி வாங்கும் வரை என்று வேலையை வைத்து நாளைக் குறித்தால் தயக்கம் தீர்ந்துவிடும்.

இரண்டாம் படி: போர்டின் வாசல்

கணினியில் டிரெல்லோவைத் திறந்தால், போர்டின் மேற்பகுதியில் ஒரு சிறு குறி தெரியும். பூட்டுக் குறி என்றால் ‘பிரைவேட்’, அதாவது போர்டில் சேர்க்கப்பட்டவர்கள் மட்டுமே பார்க்கலாம். ஆட்கள் குறி என்றால் ‘ஒர்க்ஸ்பேஸ்’, அதாவது அந்த ஒர்க்ஸ்பேஸில் (ஓர் அலுவலகத்தின் போர்டுகளையும் ஆட்களையும் ஒன்றாக வைத்திருக்கும் இடம்) உள்ள எல்லோரும் பார்க்கலாம். உலக உருண்டைக் குறி என்றால் ‘பப்ளிக்’, அதாவது எல்லோரும் பார்க்கலாம். இதில் உள்ள ‘எல்லோரும்’ என்பது நம் அலுவலகத்தார் எல்லோரும் அல்ல. இணையம் வைத்திருக்கும் உலகத்தார் எல்லோரும். பப்ளிக் போர்டுகள் கூகுள் தேடலிலும் வரக்கூடும். மற்றவர்கள் திருத்த முடியாது என்பது உண்மைதான், ஆனால் ஆதார் எண்ணைத் திருட விரும்புகிறவருக்குத் திருத்தும் உரிமை எதற்கு?

இந்த ஒரு சொல்லைப் பெரிய நிறுவனங்களே தவறாகப் புரிந்துகொண்டிருக்கின்றன. நாசா பயன்படுத்திய, வேலைகளைப் பின்தொடரும் மென்பொருளான ஜிராவில் பணியாளர்களின் பெயர்களும் மின்னஞ்சல்களும் திட்ட விவரங்களும் வெளியே தெரிந்ததை, அவினாஷ் ஜெயின் என்ற இந்தியப் பாதுகாப்பு ஆய்வாளர் 2018 இல் கண்டறிந்தார். ‘எல்லோரும்’ என்று பொருள்படும் ஒரு தேர்வை நிறுவனத்துக்குள் இருப்பவர்கள் என்று எண்ணித் தேர்ந்தெடுத்ததே அங்கே நேர்ந்த பிழை.

வாடிக்கையாளர் ஆவணம் உள்ள எந்தப் போர்டையும் பிரைவேட் ஆக்கிவிடுங்கள். உரிமையாளரை அவருடைய மின்னஞ்சல் வழியாக அந்த ஒரு போர்டுக்கு மட்டும் விருந்தினராகச் சேர்க்கலாம். பார்க்க மட்டும் அனுமதிக்கும் ‘அப்சர்வர்’ வசதிக்குக் கட்டணத் திட்டம் வேண்டும் என்பதால், இலவசத் திட்டத்தில் அவர் கார்டுகளை நகர்த்தவும் முடியும். கதவை ஊருக்கே திறந்து வைப்பதைவிட, தம் வீட்டுக் கார்டை அவரே ஒருமுறை இடம் மாற்றிவிடுவது பெரிய இழப்பு இல்லை என்பது என் கருத்து.

மூன்றாம் படி: ஆட்கள்

‘ஷேர்’ பொத்தானை அழுத்தினால் உறுப்பினர் பட்டியல் திறக்கும். ஒவ்வொரு பெயரையும் உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். இரண்டு வீட்டுக்கு முன் வேலை பார்த்த எலக்ட்ரீஷியனும், வேறு வேலைக்குப் போய்விட்ட சைட் சூப்பர்வைசரும் இங்கேதான் அகப்படுவார்கள். ஒருவரைப் போர்டிலிருந்து நீக்கினால் அந்தப் போர்டின் கார்டுகளிலிருந்தும் அவர் பெயர் போய்விடும். ஆகவே அவர் பொறுப்பில் பாக்கி நிற்கும் வேலைகளை முதலில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு நீக்குங்கள். ஒர்க்ஸ்பேஸ் உறுப்பினர் பட்டியலும் போர்டின் பட்டியலும் வெவ்வேறு என்பதால் இரண்டையும் தனித்தனியே திறந்து பார்க்க வேண்டும்.

அதே ‘ஷேர்’ பெட்டியில் அழைப்பு லிங்க் ஒன்று உருவாக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த லிங்க் கிடைத்த யாரும் போர்டில் சேர்ந்துகொள்ளலாம். நம் ஊரில் லிங்க் என்றால் அது வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும், அங்கிருந்து எங்கெல்லாம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இருந்தால் அழித்துவிடுங்கள். போர்டின் அமைப்புகளில், புதியவர்களைச் சேர்க்கும் உரிமையை அட்மின்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். அட்மின்கள் இரண்டு பேர் இருக்கட்டும். ஒருவர் மட்டும் இருந்து அவருடைய கைபேசி தொலைந்தால் மொத்த வேலையும் நின்றுவிடும்.

இலவச ஒர்க்ஸ்பேஸில் 10 பேருக்குத்தான் இடம் என்ற வரம்பு 2024 இல் வந்தபின், ஒரே கணக்கின் கடவுச்சொல்லைக் கொத்தனார் முதல் கணக்கர் வரை பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தைச் சில இடங்களில் பார்க்கிறேன். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். போர்டின் ‘ஆக்டிவிட்டி’ பகுதி யார் எதை மாற்றினார், யார் யாரைச் சேர்த்தார் என்று காட்டும். எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் அந்தப் பதிவால் ஒரு பயனும் இல்லை. வேலை முடிந்தவர்களை நீக்கினாலே பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும்.

நான்காம் படி: கார்டுக்குள் இருக்கும் லிங்க்குகள்

போர்டைப் பூட்டினாலும், கார்டில் ஒட்டியிருக்கும் கூகுள் டிரைவ் லிங்க்குக்குப் பூட்டு வேறு. ஒவ்வொன்றையும் டிரைவில் திறந்து, லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்ற நிலையில் இருந்தால் ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றி, தேவைப்படுபவரின் மின்னஞ்சலை மட்டும் சேர்க்க வேண்டும். ஆதார் நகல் தேவைப்பட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஆதார் இணையதளத்திலேயே தரவிறக்கலாம்.

ஐந்தாம் படி: வெளியாள் கண்ணோடு பார்ப்பது

அமைப்புகளில் மாற்றியாயிற்று என்பதோடு நிறுத்தாமல், உலாவியில் உங்கள் கணக்கு எதுவும் உள்நுழைந்திருக்காத இன்காக்னிட்டோ சாளரம் ஒன்றைத் திறந்து, போர்டின் லிங்க்கையும் டிரைவ் லிங்க்கையும் அதில் ஒட்டிப் பாருங்கள். உள்ளே நுழையச் சொல்லும் பக்கம் வந்தால் சரி. போர்டு தெரிந்தால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

ஜிரா பயன்படுத்தும் நாகர்கோவில் மென்பொருள் அலுவலகத்தாருக்கும் இதே வரிசை பொருந்தும். அங்கே புராஜெக்ட் அனுமதியோடு, சேமித்து வைத்த ஃபில்டர்களும் டாஷ்போர்டுகளும் யார் யாருக்குப் பகிரப்பட்டிருக்கின்றன என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் அவற்றை உருவாக்கியவரே பகிர்ந்துவிட்டுப் போயிருப்பார். ஒருவருக்கு ஓர் அனுமதி எந்த வழியாக வந்தது என்று தெரியாவிட்டால், அட்மினுக்கான ‘பெர்மிஷன் ஹெல்ப்பர்’ அதைச் சொல்லும்.

சாவி ஒப்படைக்கும் நாளில் இதை ஒருமுறை செய்யுங்கள். அதைத் தவிர ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கி வெளிவேலை மந்தமாகும்போது எல்லாப் போர்டுகளையும் ஒரு பிற்பகலில் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

திறந்து கிடந்த போர்டு ஒன்று அகப்பட்டால், பூட்டியதும் அதன் பெயரைக் கூகுளில் தேடிப் பாருங்கள். பழைய விவரம் தேடலில் வந்தால், காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கோரும் கூகுளின் பக்கத்தில் அந்த முகவரியைக் கொடுங்கள். பிறகு உரிய குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் அன்று மாலையே கத்தாருக்குக் கூப்பிட்டு, எந்தெந்த ஆவணம், எத்தனை மாதம் திறந்து கிடந்தது என்று மறைக்காமல் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தம் மனைவியின் ஆதாரும் அதில் இருந்ததா என்று கேட்டார்.