வலிக்காத பாதத்தையும் பார்க்க வேண்டும்: பாதப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல் கூசினால் உடனே பல் மருத்துவரைத் தேடுகிறோம். கண் மங்கினால் கண்ணாடி போட்டுக்கொள்கிறோம். பாதத்தை மட்டும், நடை தடைப்படும் நாள் வரை நம்மில் பலர் குனிந்து பார்ப்பதே இல்லை. உடலில் உள்ள 206 எலும்புகளில் 52, அதாவது நான்கில் ஒரு பங்கு, இரண்டு பாதங்களில்தான் இருக்கின்றன. உடலின் எடை முழுவதும் ஒவ்வோர் அடியிலும் அவற்றின் மீதுதான் இறங்குகிறது. அப்படியிருந்தும், பாதப் பராமரிப்பில் நிகழும் தவறுகளில் மிகப் பல, 'வலி இல்லையே, பிறகென்ன?' என்ற எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன. பாதத்துக்கு வரும் ஆபத்தான குறைகளில் சில வலியே தராமல் வளர்பவை.

குழந்தைகளிடமிருந்தே தொடங்கலாம். சிறு வயதில் பாத எலும்புகளில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். ஆகவே இறுக்கமான காலணிக்குள்ளும் பாதம் வளைந்து கொடுத்துவிடும், பிள்ளையும் வலிக்கிறது என்று சொல்லாது. ஜூன் மாதம் வாங்கிய பள்ளி ஷூவை ஆண்டுத் தேர்வு வரை மாற்றாமல் ஓட்டுவது ஒரு தவறு என்றால், 'வளரும் பிள்ளைதானே' என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது அதற்கு இணையான இன்னொரு தவறு. தொளதொளக்கும் ஷூ கழன்றுவிடாதிருக்கப் பிள்ளை விரல்களை மடக்கிக்கொண்டு நடக்கும், குதிகாலில் உராய்ந்து கொப்புளமும் வரும். பிள்ளையை நிற்கவைத்து, மிக நீண்ட விரலுக்கும் ஷூவின் முனைக்கும் இடையில் பெரியவர் ஒருவரின் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று இரண்டு கால்களிலும் அழுத்திப் பாருங்கள். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு முறை அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். நடை பழகும் குழந்தைக்கு வீட்டுக்குள் காலணியே தேவையில்லை. வெறுங்காலில் தரையைப் பற்றி நடப்பதுதான் பாதத் தசைகளுக்கு நல்ல பயிற்சி.

பிள்ளையின் பாதம் தட்டையாக இருக்கிறதே என்று கவலைப்பட்டு விலையுயர்ந்த சிறப்புக் காலணிகளை வாங்கும் பெற்றோரும் உண்டு. சிறு குழந்தைகளின் உள்ளங்காலில் கொழுப்புத் திண்டு இருப்பதால் பாதம் தட்டையாகத் தெரிவது இயல்பே. வளைவு பள்ளிப் பருவத்தின் தொடக்க ஆண்டுகளுக்குள் மெல்லத்தான் உருவாகும். பிள்ளையை முன்னங்காலில் எம்பி நிற்கச் சொல்லுங்கள். அப்போது உள்ளங்கால் வளைவு தெரிந்தால், பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. எம்பி நின்றும் வளைவு வராமல் பாதம் விறைப்பாக இருந்தாலோ, ஓடியாடிய பின் பிள்ளை கால் வலியென்று உட்கார்ந்துவிட்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிறவியிலேயே பாதம் உட்புறமாகத் திரும்பியிருக்கும் 'கிளப் ஃபுட்' குறையில் நேரும் தவறு வேறு வகையானது. பொன்செட்டி முறையில் வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றிக் கட்டி, சில வாரங்களிலேயே பாதத்தை நேராக்கிவிட முடிகிறது. அதன் பிறகு முதல் மூன்று மாதங்களுக்கு ஏறத்தாழ நாள் முழுவதும், பின்னர் நான்கு வயது வரை உறங்கும் நேரத்திலும் அணிவிக்க வேண்டிய கம்பி இணைத்த காலணியைத்தான் பல குடும்பங்கள் பாதியில் நிறுத்திவிடுகின்றன. கால் நேராகிவிட்டது, குழந்தை அழுகிறது, இனி எதற்கு என்று நினைப்பது மனித இயல்புதான். ஆனால் குறை மீண்டும் திரும்புவதற்கு முதன்மையான காரணம் அந்த நிறுத்தமே.

சேற்றுப்புண் வயல் வேலை செய்பவர்களுக்கு மட்டும் வருவது என்று எண்ண வேண்டாம். ஈரச் சாக்ஸுடன் நாள் முழுவதும் வகுப்பில் இருக்கும் மாணவருக்கும், தொழிற்சாலையில் ரப்பர் பூட்ஸ் அணிந்து நிற்பவருக்கும் அது வருகிறது. நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையிலுள்ள தோல் முதலில் வெளுத்து, ஊறி, பின்னர் வெடிக்கும். அந்த இடுக்கைத் துண்டின் முனையால் தனியே துடைத்து உலர்த்துபவர்கள் மிகக் குறைவு. இதைவிடப் பெரிய தவறு, மருந்துக்கடையில் 'அரிப்புக்கு ஒரு களிம்பு' என்று கேட்டு வாங்குவது. அப்படிக் கிடைக்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். உள்ளே பூஞ்சை தடையின்றிப் பரவும், தோல் மெலியும், பின்னர் தோல் மருத்துவரே பார்த்தாலும் எளிதில் அடையாளம் காண முடியாதபடி நோயின் தோற்றம் மாறிவிடும். பூஞ்சைக்கான மருந்தை மட்டுமே, மருத்துவர் சொன்ன நாள் வரை, அரிப்பு நின்ற பின்னும் பூசிவர வேண்டும். யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இந்த விரலிடுக்கு மிகவும் முக்கியமானது. அங்கே உள்ள சிறு வெடிப்பின் வழியாக நுழையும் கிருமிகளே அவர்களுக்குக் குளிர்காய்ச்சலையும் திரும்பத் திரும்ப வரும் வீக்கத்தையும் உண்டாக்குகின்றன. நாள்தோறும் சோப்பு நீரால் கழுவி, இடுக்குகளை உலர்த்துவதே அவர்களுடைய சிகிச்சையில் பாதி.

நகத்தை நேராக வெட்ட வேண்டும். ஓரங்களை வளைத்து ஆழமாக வெட்டினால் வளரும் நகத்தின் முனை சதைக்குள் குத்திச் சீழ் பிடிக்கும். சீழ் கண்ட பிறகு ஊசியாலும் ஊக்காலும் தோண்டுவது கூடாது. குதிகால் வெடிப்புக்குப் பிளேடால் சுரண்டுவதும் அப்படிப்பட்ட வேலைதான். வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, தேய்ப்புக் கல்லால் மெல்லத் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் வாசலைனோ யூரியா கலந்த களிம்போ பூசிச் சாக்ஸ் அணிந்து உறங்கினால் சில வாரங்களில் வெடிப்புகள் மூடும்; பின்பக்கம் மூடிய காலணி அணிந்தால் அவை திரும்பவும் விரிவது குறையும்.

காலாணி என்று நினைத்து மருவை அறுத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். காலாணியை நேராக அழுத்தினால் வலிக்கும், தோலின் ரேகைகள் அதன் மேலும் தொடரும். மருவை இரு பக்கமும் பிடித்து நசுக்கினால் வலி அதிகம். ரேகைகள் அதன் விளிம்போடு நின்றுவிடும், நடுவில் கருநிறப் புள்ளிகள் தெரியலாம். காலாணி அழுத்தத்தால் வருவது, மரு வைரஸால் வருவது. இரண்டையும் பிளேடால் அறுக்கக் கூடாது; அழுத்தம் தரும் செருப்பை மாற்றாமல் காலாணியை மட்டும் நீக்கினால் அது அதே இடத்தில் மறுபடியும் வரும்.

நாற்பதைக் கடந்தவர்களிடம் மிகுதியாகக் கேட்கும் முறையீடு, காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலில் ஊசி குத்துவது போன்ற வலி. எக்ஸ்ரே எடுத்து, 'குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறது' என்று கேள்விப்பட்டதும் பலர் அறுவை சிகிச்சையை எண்ணி அஞ்சுகிறார்கள். வலியே இல்லாத எத்தனையோ பேரின் எக்ஸ்ரேயிலும் அந்த எலும்பு முனை தெரியும். வலிக்குப் பெரும்பாலும் காரணம், குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலைத் தாங்கும் தசைநார்ப் பட்டை நைந்துபோவதுதான். கடினமான டைல்ஸ் தரையில் வெறுங்காலுடன் மணிக்கணக்காக நின்று சமைப்பதும், திடீரென்று நடைப்பயிற்சியைக் கூட்டுவதும், உடல் எடை ஏறுவதும் அதைத் தூண்டுகின்றன. படுக்கையிலிருந்து இறங்கும் முன்பே கால் விரல்களைக் கையால் பிடித்துத் தன் பக்கம் இழுத்துச் சற்று நிறுத்தி விடுவதைப் பத்து முறை செய்வதும், சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்கால் தசையை நீட்டுவதும், வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு அணிவதும் பெரும்பாலோருக்குப் போதும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்பதால் பொறுமை வேண்டும். இரண்டு வாரம் செய்துவிட்டுப் பயனில்லை என்று கைவிடுவதே இங்கே நேரும் தவறு.

கர்ப்ப காலத்தில் பாதம் வீங்குவதோடு மூட்டுப் பிணைப்புகளும் தளர்வதால் சிலருக்குப் பாதம் நிலையாகவே சற்று நீண்டுவிடுகிறது. பிரசவத்துக்குப் பின் பழைய செருப்பு இறுக்கினால் புதிய அளவில் வாங்கிக்கொள்ளத் தயங்க வேண்டாம். மெட்டி இறுகத் தொடங்கியதும் அதைக் கழற்றிப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். கழற்றக் கூடாது என்ற எண்ணத்தில் விட்டுவைத்து, விரல் தடித்து, வெட்டி எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.

வலியில்லாத வீக்கத்தைப் புறக்கணிப்பதற்கு மதுரையின் பெயர் தாங்கிய நோயே சான்றாக இருக்கிறது. 1842-ஆம் ஆண்டில் மதுரையில் விவரிக்கப்பட்டதால் 'மதுரா பாதம்' என்று உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்ற இந்த நோயில், முள் குத்திய இடத்தின் வழியே மண்ணிலுள்ள பூஞ்சையோ பாக்டீரியாவோ நுழைந்து, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்கிறது. பாதம் கட்டிகட்டியாகத் தடித்து, துளைகளிலிருந்து சிறு குருணைகள் வெளிவரும் வரையிலும் வலி பெரிதாக இராது. அதற்குள் கிருமி எலும்பைத் தொட்டிருக்கும். வெறுங்காலுடன் வயலில் நடப்பவர்கள், முள் குத்திய இடம் வாரக்கணக்கில் தடித்தே இருந்தால் மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கக் கூடாது.

சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று நம்பப்பட்ட காலத்தில், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும், உணர்விழந்த உறுப்பில் கவனிக்கப்படாமல் சேரும் காயங்களும் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமுமே அந்தச் சிதைவை உண்டாக்குகின்றன என்று காட்டினார்கள். வலி என்பது உடலின் காவல் என்ற அந்தப் பாடம் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு அப்படியே பொருந்துகிறது. பல ஆண்டுகள் கட்டுப்பாடற்ற சர்க்கரை, பாத நரம்புகளை மழுங்கச் செய்கிறது. செருப்புக்குள் கிடக்கும் சிறு கல்லை உணராமல் மாலை வரை நடந்துவிட்டு, சாக்ஸில் இரத்தக் கறையைக் கண்ட பிறகே புண்ணை அறிபவர்கள் எத்தனையோ பேர்.

ஆகவே அவர்கள் நாள்தோறும் நல்ல வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம். காலணியை அணியும் முன் தலைகீழாகத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவ வேண்டும். கால் எரிச்சலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது மிகவும் ஆபத்தானது. கழுவும் நீரின் சூட்டைக் கூட முழங்கையால் சோதித்த பிறகே காலில் ஊற்ற வேண்டும். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தின் கருங்கல் தரையில் நடந்து, வலியே தெரியாமல் உள்ளங்கால் வெந்துபோனவர்கள் உண்டு. அதிகாலையிலோ வெயில் தாழ்ந்த பின்போ தடித்த சாக்ஸுடன் செல்வதில் பக்திக்குக் குறைவு எதுவும் இல்லை. வெறுங்காலுடன் பழனிக்கோ வேளாங்கண்ணிக்கோ பாதயாத்திரை செல்ல விரும்பும் சர்க்கரை நோயாளி, உணர்வு குறைந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிய பின்பே முடிவெடுக்க வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் காலாணிப் பட்டையில் உள்ள அமிலம் இவர்களுடைய தோலை அரித்துப் புண்ணாக்கும். விரலிடுக்கில் எண்ணெயோ களிம்போ தேங்கக் கூடாது. விரலிடை வார் மட்டும் உள்ள ரப்பர் செருப்பு, உணர்வற்ற காலிலிருந்து கழன்றுபோவதே தெரியாது. குதிகால் வாருடன் கூடிய, மெத்தென்ற அடித்தட்டுள்ள எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு அவர்களுக்கு ஏற்றது. பாதம் திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கி, ஆனால் வலி குறைவாக இருந்தால் 'சுளுக்கு' என்று எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது பெருங்கேடு. உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கும் ஷார்கோ பாதமாக அது இருக்கலாம். அந்தக் காலை ஊன்றாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். புகைப்பழக்கம் உள்ளவருக்கு இரத்தக் குழாய் அடைப்பும் சேர்ந்துகொள்வதால் சிறு கீறலும் ஆறாது.

மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து செய்யும் தவறு ஒன்று உண்டு: இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்ப்பதோடு சந்திப்பு முடிந்துவிடுகிறது, செருப்பு கழற்றப்படுவதே இல்லை. பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்வைச் சோதிக்கவும், பாத நாடியைத் தொட்டுப் பார்க்கவும் ஐந்து நிமிடம் கூட ஆகாது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் அதைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.

முதியவர்களின் நகம் தடித்து, குனியவும் முடியாமல், பார்வையும் மங்கிய நிலையில் அவர்களே வெட்டிக்கொள்வது காயத்தில்தான் முடியும். குளித்தவுடன் நகம் மென்மையாக இருக்கும்போது வீட்டில் உள்ளவர் வெட்டிவிட வேண்டும். தேய்ந்து வழுக்கும் பழைய செருப்பை வீட்டுச் செருப்பாக அவர்களுக்குக் கொடுப்பது வீழ்ச்சிக்கு வழி. இரண்டு கால்களிலும் வீக்கம் இருந்தால் வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிடக் கூடாது. இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் குறையும், அம்லோடிபின் போன்ற இரத்த அழுத்த மாத்திரையும் அதற்குக் காரணமாக இருக்கலாம். மாத்திரையைத் தாமே நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஒரே காலில் மட்டும் திடீரென்று வீக்கம் கண்டு கெண்டைக்கால் வலித்தால், ஆழமான இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம் என்பதால் அதை நீவாமல், மறுநாளைக்கு என்று தள்ளிப்போடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே அழைத்துச் செல்லுங்கள்.