ஸ்வீடிஷ் 'ஃப்ரெக்': ஆங்கிலத்தில் எந்தச் சொல்லைப் போடுவது?

ஸ்வீடிஷ் படிக்க ஆரம்பித்தவர்கள் அகராதியில் 'ஃப்ரெக்' என்று தேடினால் சீக்கி, இன்சொலன்ட், ஆடேஷஸ், கூல், டர்ட்டி என்று சம்பந்தா சம்பந்தமில்லாத ஆங்கிலச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். முதலில் இருப்பதை எடுத்துப் போட்டால் பாதி இடத்தில் சொதப்பும்.

படி 1: வடிவம்

ஸ்வீடிஷ் பெயர்ச்சொற்கள் 'என்', 'எத்' என்று இரண்டு வகை. 'என்' வகைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஃப்ரெக், 'எத்' வகைக்கு ஃப்ரெக்த், பன்மைக்கு ஃப்ரெக்கா. எல்லாம் ஒரே சொல்தான், அகராதியில் ஃப்ரெக் என்றே தேடுங்கள்.

படி 2: எதைப் பற்றிய பேச்சு?

முக்கால்வாசி வேலை இதிலேயே முடிந்துவிடும். காரையோ ஜாக்கெட்டையோ 'ஃப்ரெக்' என்றால் அது பாராட்டு, கூல் என்று போடுங்கள். கதைக்கு முன்னால் வந்தால், அதாவது 'ஃப்ரெக் ஹிஸ்டூரியா' என்றால், விவகாரமே வேறு: நாலு பேர் முன்னால் சொல்லக் கூசுகிற ஜோக். ஆங்கிலத்தில் டர்ட்டி ஜோக். இதற்கு 'ஃப்ரெக்கிஸ்' என்று செல்லப்பெயரே உண்டு.

படி 3: ஆளைப் பற்றியோ செயலைப் பற்றியோ என்றால், சொல்கிறவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா?

இங்கேதான் நிதானம் வேண்டும். பாட்டியிடம் வாயாடுகிற பொடியனைச் சிரித்துக்கொண்டே சொன்னால் சீக்கி. வரிசையில் நடுவில் புகுந்தவனைச் சொன்னால் இன்சொலன்ட் அல்லது இம்புடன்ட், நம் ஊர்க் கணக்கில் குறும்புக்கும் திமிருக்கும் உள்ள தூரம். பட்டப்பகலில் நடந்த திருட்டுக்குச் செய்தித்தாளில் இந்தச் சொல் வந்தால் பிரேஸன், அதாவது கூச்சநாச்சமே இல்லாத.

விளையாட்டில் இதுவே மெச்சுகிற சொல். 2004 யூரோ கால்பந்துப் போட்டியில் இத்தாலிக்கு எதிராக ஸ்வீடன் வீரர் ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச், கோலுக்கு முதுகைக் காட்டியபடி எகிறிக் குதிகாலால் பந்தைத் தூக்கிப் போட்டாரே, 1-1 என்று சமன் செய்த அந்த கோல், அது 'எத் ஃப்ரெக்த் மோல்' என்பதற்குப் பொருத்தமான உதாரணம் (மோல் என்றால் கோல், எத் வகை, அதனால்தான் கடைசியில் த்). ஆங்கிலத்தில் சீக்கி, இன்னும் கொஞ்சம் வியந்து சொன்னால் ஆடேஷஸ்.

படி 4: பெயர்ச்சொல்லாக வந்தால்

'ஃப்ரெக்ஹேத்' என்று தனியாக வந்தால் இம்புடன்ஸ் போதும். 'ஹா ஃப்ரெக்ஹேதென் அத்' என்று தொடங்கி வினை பின்னால் வந்தால் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், 'ஹேவ் த நெர்வ் டு' என்று போடுங்கள். கடனையும் திருப்பித் தராமல் மேலும் பணம் கேட்கிறவனைப் பார்த்து "என்ன தைரியம் இவனுக்கு!" என்போமே, அந்தத் தொனி.

அப்புறம், போல்ட் என்ற சொல்லை இங்கே யோசித்துப் பயன்படுத்துங்கள். துணிச்சலான முடிவு, துணிச்சலான திட்டம் என்று மரியாதையோடு சொல்ல ஸ்வீடிஷில் 'யேர்வ்' இருக்கிறது. மேலாளரின் திட்டத்தை போல்ட் என்று புகழ நினைத்து ஃப்ரெக் என்றால், அவர் அதைத் திமிர் என்றும் எடுத்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் ஸ்வீடிஷ் அகாடமியின் அகராதிகள் ஸ்வென்ஸ்கா டாட் எஸ்இ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அங்கே எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பாருங்கள்.