ஒழுங்கையில் மான் வந்தால் விளக்கு எரிய வைப்பது எப்படி

திருகோணமலையில் புள்ளிமான்கள் ஊருக்குள்ளேயே திரியும். பகலில் பிரெட்ரிக் கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நிற்பவை, இருட்டியதும் வீதியோரக் குப்பையைக் கிளறவும் வளவுகளில் குழை தின்னவும் வந்துவிடும். மதில் மூலையில் திரும்புகிற மோட்டார் சைக்கிள்காரரின் கண்ணில் மான் படும்போது பிரேக் பிடிக்க இடமிருக்காது. மானும் சாகும், ஆளும் விழும். நான் வீடுகளுக்கும் கடைகளுக்கும் கமரா பூட்டிக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சிசிடிவி கமராவை வைத்தே, மான் தெரிந்ததும் மதிலில் ஒரு மஞ்சள் விளக்கு எரியச் செய்யலாம். மானுக்கென்று எழுதுகிறேன்; மாட்டுக்கும், வயலில் இறங்கும் பன்றிக்கும் முறை இதுதான்.

"தம்பி, இதுக்குப் பெரிய கொம்பியூட்டர் வேணுமே?" என்று உவர்மலையில் ஒரு அன்ரி கேட்டார். தேவையில்லை. ராஸ்பெரி பை 5 என்ற உள்ளங்கை அளவுச் சிறு கணினி ஒன்று போதும். கமராப் படத்தை உடனுக்குடன் பார்த்து அறிவதில் வேகம் வருவது, பார்க்கத் தேவையில்லாததைப் பார்க்காமல் விடுவதால்தான். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதற்காகவே.

முதலில் நேரக் கணக்கு

பொருள் வாங்குவதற்கு முன் ஒரு கடதாசியில் கணக்குப் போடுங்கள். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு செக்கனில் 11 மீற்றர் கடக்கும். மான் தெரிந்ததற்கும் விளக்கு எரிவதற்கும் இடையில் அரைச் செக்கன் போனால் ஐந்தரை மீற்றர் போய்விடும். வளைவுக்கு 30 மீற்றர் முன்பே விளக்கு தெரியும்படி வைத்தால் அரைச் செக்கன் தாமதம் பொறுக்கக்கூடியது. மான் பெரும்பாலும் மெதுவாக நடந்து வந்து, நின்று, பார்த்துத்தான் வீதியில் இறங்கும். ஆகவே வீடியோவின் தனித்தனிப் படங்களில், அதாவது ஃப்ரேம்களில், செக்கனுக்கு 5 பார்த்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் 200 மில்லிசெக்கன் கிடைக்கிறது. 25 ஃப்ரேமும் பார்ப்பேன் என்று நின்றால் ஒவ்வொன்றுக்கும் 40 மில்லிசெக்கன்தான், ஐந்து மடங்கு வேலை. வாகன இலக்கத்தகடு வாசிக்க அது வேண்டியிருக்கலாம், மானுக்கு வேண்டாம்.

இப்போது இருக்கும் தாமதத்தை அளந்து பாருங்கள். போனில் ஸ்டாப்வோட்ச் ஓடவிட்டு கமராவுக்கு முன்னால் பிடியுங்கள். கமராப் படம் வரும் திரையும் போனும் ஒன்றாகத் தெரியும்படி இன்னொரு போனால் படமெடுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் கமராவும் வலையமைப்பும் ஏற்கெனவே தின்றுவிட்ட நேரம். மொடலை (படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லப் பழக்கிய நிரலை) வேகப்படுத்துவதில் மினக்கெடும் பலர் இதை அளப்பதே இல்லை. இங்கேயே ஒரு செக்கன் போயிருந்தால் எந்தச் சில்லு (கணினிச் சிப்) வாங்கியும் பயனில்லை. வைஃபையை விட்டுக் கேபிளுக்கு மாறுவதும், கமராவின் இரண்டாம் ஓடையை எடுப்பதும்தான் அப்போது செய்ய வேண்டிய வேலை.

இரண்டாம் ஓடை என்றால், வலையமைப்பில் இணைக்கும் ஐபி கமராக்களில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் இரண்டு வீடியோ அனுப்பும்: பதிவுக்குப் பெரியது, போனில் பார்க்கச் சிறியது. கமரா வீடியோவை வலையமைப்பில் எடுக்கும் ஆர்டிஎஸ்பி முகவரியில் சிறியதை எடுங்கள். முழு எச்டி படம் ஒன்று விரிந்தால் ஏறக்குறைய 6.2 மெகாபைட், செக்கனுக்கு 25 என்றால் 155 மெகாபைட் நினைவகத்தில் புரள வேண்டும். 640க்கு 360 அளவுள்ள படம் 0.7 மெகாபைட்தான். ஒன்றைக் கவனியுங்கள்: வீடியோவைச் சுருக்கி அனுப்பும் முறைகள் எச்.264, எச்.265; பை 5 இல் எச்.264 வீடியோவைப் பிரிக்கும் தனி வன்பொருள் இல்லை, எச்.265 க்கு மட்டுமே உண்டு. எச்.264 ஐ மையச் செயலிதான் (சிபியூ) பிரிக்க வேண்டும். சிறிய ஓடையில் அது பாரமில்லை, பெரிய ஓடையில் பாரம்.

அப்புறம், வரிசை சேரவிடாதீர்கள். ஓப்பன்சிவி என்ற இலவசப் பட நூலகம் வழியாக வீடியோவை வாசிக்கும்போது நிரல் மெதுவாக இருந்தால் பழைய ஃப்ரேம்கள் பின்னால் சேர்ந்துகொண்டே போகும். கொஞ்ச நேரத்தில், போய்விட்ட மானுக்கு விளக்கு எரியும். ஃப்ரேம் வாசிக்க ஒரு தனி இழை (நிரலுக்குள் பக்கத்தில் ஓடும் தனி வேலை) வையுங்கள். அது ஓயாமல் வாசித்து, கடைசி ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றவற்றை எறியட்டும். அறியும் பகுதி எப்போது வந்து கேட்டாலும் புத்தம்புதிய ஃப்ரேமே கிடைக்க வேண்டும்.

மலிவான கேள்வியை முதலில் கேளுங்கள்

2001 இல் போல் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 700 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 கணினியில், 384க்கு 288 அளவுள்ள படங்களில் செக்கனுக்கு 15 ஃப்ரேம் முகம் கண்டுபிடித்துக் காட்டினார்கள். இன்றைய பை 5 க்கு முன்னால் அந்தக் கணினி ஒன்றுமே இல்லை. அவர்கள் செய்தது இதுதான்: படத்தின் ஒவ்வொரு துண்டிடமும் முதலில் மிக மலிவான ஒரு கேள்வி கேட்பது. "முகமாக இருக்க வாய்ப்பே இல்லை" என்று தெரிந்ததும் அங்கேயே கைவிடுவது. மிஞ்சிய கொஞ்சத் துண்டுகளுக்கு மட்டும் செலவான கேள்விகள். முகத்தை அறிய அவர்கள் பயன்படுத்திய அடையாளங்கள் பழசாகிவிட்டன. ஆனால் வடிகட்டும் அந்த யோசனையை நான் எல்லா வேலையிலும் முதல் எடுக்கிறேன்.

நம் ஒழுங்கையில் மலிவான கேள்வி, ஏதாவது அசைந்ததா என்பது. ஓப்பன்சிவியில் எம்ஓஜி2 என்ற பின்னணி கழிக்கும் முறை இருக்கிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் (பிக்சல்) வழக்கமாக எந்த நிறத்தில் இருக்கும் என்று அது கற்றுக்கொண்டு, மாறியதை மட்டும் வெள்ளையாகக் காட்டும். படத்தை 320க்கு 180 ஆகச் சுருக்கி இதை ஓடவிட்டால் செயலிக்கு உறைக்காது. இரவில் பெரும்பாலான நேரம் ஒழுங்கையில் எதுவுமே அசையாது. அந்த நேரமெல்லாம் பெரிய மொடல் தூங்கலாம்.

இந்த ஊரில் இந்தப் படி சும்மா வேலை செய்யாது. கச்சான் காற்றில் தென்னோலை ஆடும், வாடையில் மழைக்கோடு விழும், வாகன வெளிச்சம் மதில் முழுக்க ஓடும், இரவில் கமராவின் அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சிகள் வந்து கண்ணாடி முன்னால் பறக்கும். வானமும் ஓலையும் இருக்கும் பகுதியை முகமூடி போட்டு மறையுங்கள். மான் அளவை விடச் சிறிய வெள்ளைத் திட்டுகளை விடுங்கள். மூன்று ஃப்ரேம் தொடர்ந்து இருக்கும் திட்டை மட்டும் எடுங்கள். படம் பாதிக்கு மேல் ஒரே நேரத்தில் மாறினால் அது வெளிச்சம், கணக்கில் எடுக்காதீர்கள். இன்னொரு பொறியும் உண்டு: மான் அசையாமல் நின்றால் எம்ஓஜி2 அதையும் பின்னணியில் சேர்த்துவிடும். ஆகவே ஒருமுறை மான் என்று உறுதியான இடத்தை, அசைவு இல்லாவிட்டாலும், இரண்டு செக்கனுக்கு ஒருமுறை மொடலிடம் திரும்பக் காட்டுங்கள்.

அசைந்த இடம் தெரிந்ததும் முழுப் படத்தையும் சுருக்கி மொடலுக்குக் கொடுக்க வேண்டாம். சுருக்கினால் தூரத்து மான் பத்துப் பதினைந்து புள்ளிகளாகிவிடும். அசைவை நடுவில் வைத்து 320க்கு 320 சதுரத்தை அப்படியே வெட்டிக் கொடுங்கள். மான் தன் அளவிலேயே இருக்கும், மொடலுக்கும் வேலை குறையும். நீளம் அகலம் இரண்டும் பாதியானால் கணக்கு நாலில் ஒன்று.

மொடலும் எண்களும்

2015 இல் ஜோசப் ரெட்மனும் கூட்டாளிகளும் வெளியிட்ட யோலோ என்ற மொடல், படத்தை ஒரே தடவையில் பார்த்து எல்லாப் பொருளையும் பெட்டியோடு சொல்லிவிடுகிறது. அதன் வழி வந்ததில் மிகச் சிறியதை எடுங்கள். யோலோ வி8 இன் நானோ வடிவில், பயிற்சியில் கற்ற எண்கள் 32 இலட்சம்; 640 சதுரப் படத்துக்கு 8.7 பில்லியன் கணக்குகள். அதே குடும்பத்தின் மிகப் பெரியதற்கு ஏறக்குறைய 258 பில்லியன். ஒரு ஒழுங்கையில் ஒரு மிருகத்தைக் கண்டுபிடிக்கப் பெரியது தேவையே இல்லை. 320 சதுரத்தில் நானோவுக்கு 2.2 பில்லியன்தான் வரும்.

அடுத்தது எண்களைச் சுருக்குவது. பயிற்சியில் ஒவ்வொரு எண்ணும் 32 பிட் தசம எண். அதை 8 பிட் முழு எண்ணாக்கினால் 13 மெகாபைட் மொடல் மூன்றேகால் மெகாபைட் ஆகிறது. இதன் அருமை சில்லுக்குள் தெரியும். 2014 இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் ஹொரோவிட்ஸ் 45 நானோமீற்றர் சில்லுக்குக் கொடுத்த கணக்குப்படி, 32 பிட் தசமப் பெருக்கலுக்கு 3.7 பிக்கோஜூல் சக்தி, 8 பிட் முழு எண் பெருக்கலுக்கு 0.2 தான். வெளி நினைவகத்திலிருந்து எண்ணை எடுத்து வருவதற்கோ பெருக்கலைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. சமையலை விட, சாமான் எடுக்கக் கடைக்குப் போய் வருவதில்தான் அடுப்படியின் நேரம் போகிறது. மொடல் சிறிதாகச் சிறிதாக, எண்கள் செயலிக்குப் பக்கத்திலேயே தங்கும்.

விளம்பரத்தில் போடும் டொப்ஸ் எண்ணை (செக்கனுக்கு எத்தனை இலட்சம் கோடிக் கணக்கு என்பதை) வைத்துச் சில்லு வாங்காதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். மொடல் ஓட்டுவதற்கென்றே கணினியில் செருகும் கோரல் யூஎஸ்பி முடுக்கி 2 வாட்டில் 4 டொப்ஸ். ஆனால் உள்ளே ஏறக்குறைய 8 மெகாபைட் இடம்தான். மொடல் அதைத் தாண்டினால் மிச்ச எண்கள் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கேபிள் வழியாக வர வேண்டும். எங்கள் மொடல் எந்த முடுக்கியும் இல்லாமலே, என்சிஎன்என் என்ற இலவச நூலகத்தில், பை 5 செயலியின் நான்கு கருக்களிலும் (கோர்) ஓடும். நான்கைந்து கமரா சேர்ந்தால், அல்லது எப்போதும் அசைவு இருக்கும் சந்திக்கு வைத்தால், 13 டொப்ஸ் ஹைலோ 8எல் முடுக்கிப் பலகையைப் பை 5 உடன் பொருத்துங்கள். 2024 இல் அது 70 டொலருக்கு வந்தது. என்விடியாவின் ஜெட்சன் ஓரின் நானோ என்ற சிறு கணினி நல்ல கருவிதான், ஆனால் ஒரு ஒழுங்கைக்கு அது வீண்செலவு.

மானைப் பழக்குதல்

இலவசமாகக் கிடைக்கும் மொடல்கள் கோகோ என்ற படத் தொகுப்பில் பயின்றவை. அதில் 80 வகை. மாடு, ஆடு, யானை, வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கிகூட உண்டு, மான் இல்லை. அப்படியே ஓடவிட்டால் நம் புள்ளிமானை மாடென்றும் நாயென்றும் சொல்லும். ஓப்பன் இமேஜஸ் என்ற இன்னொரு படத் தொகுப்பில் மான் இருக்கிறது. அதில் தொடங்கி, உங்கள் கமராவின் பதிவிலிருந்து சில நூறு படங்களில் மானைச் சுற்றிப் பெட்டி வரைந்து சேருங்கள். இரவுப் படங்கள் அகச்சிவப்பில் நிறமின்றி வருவதால் அவைதான் அதிகம் வேண்டும். தெருநாய், மாடு, ஆடு இருக்கும் படங்களும் வேண்டும், அவற்றை மானில்லை என்று கற்பதற்காக. கூகுளின் கணினியை இணையத்தில் பயன்படுத்த விடும் கொலாபில் இலவச நேரத்திலேயே பயிற்சி முடியும்.

சோதனைக்குப் படம் ஒதுக்கும்போது நாள் வாரியாகப் பிரியுங்கள். அடுத்தடுத்த இரண்டு ஃப்ரேம்கள் ஒன்று போலவே இருக்கும். ஒன்று பயிற்சியிலும் மற்றது சோதனையிலும் இருந்தால் மொடல் பாஸ் ஆனது போலத் தெரியும், புது இரவில் தவறும். 8 பிட்டுக்கு மாற்றும்போது அளவு பார்க்கக் கொடுக்கும் மாதிரிப் படங்களிலும் இரவு இருக்க வேண்டும். மாற்றிய பிறகு இரவுப் படங்களில் மட்டும் தனியாகச் சோதியுங்கள்.

பூட்டுதல்

கமரா வெளியே, கணினி வீட்டுக்குள். பை 5 இன் சூடு 80 பாகைக்கு வந்ததும் தானாகவே வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பெட்டியில் வைத்தால் அந்தச் சூடு சீக்கிரமே வரும். கடற்காற்றின் உப்பும் இணைப்புகளைத் தின்னும். கமராவுக்கு மின்சாரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும் நெட்வேர்க் கேபிள் 100 மீற்றர் வரை போகும். விசிறி வைத்த குளிரூட்டியும் சிறிய யூபிஎஸ்ஸும் வாங்குங்கள்; கரண்ட் போய்ப் போய் வந்தால் மெமரி கார்ட் கெடும்.

விளக்கு 12 வோல்ட் மஞ்சள் எல்ஈடி, கணினி இயக்கும் சுவிட்சான ஒரு ரிலே வழியாக. கடைசி ஐந்து ஃப்ரேமில் மூன்றில் மான் இருந்தால் எரியட்டும், கடைசியாகத் தெரிந்து 30 செக்கன் வரை அணைய வேண்டாம். நாய்க்கெல்லாம் எரிந்தால் ஒரு மாதத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள். அதனால் உறுதி வரம்பை (மான்தான் என்று மொடல் எவ்வளவு நிச்சயமாகச் சொன்னால் ஏற்பது என்ற அளவை) கொஞ்சம் உயர்த்தியே வையுங்கள். உங்கள் மதிலைத் தாண்டிப் பொது வீதியில் வைப்பதென்றால் உள்ளூராட்சி சபையிடம் அனுமதி கேளுங்கள். பக்கத்து வீட்டுப் படலை கமராவில் விழுந்தால் அந்தப் பகுதியையும் முகமூடிக்குள் போடுங்கள். மானைக் கண்டுபிடிக்க வைத்த கமரா ஆட்கள் வந்துபோவதைப் பார்க்கக்கூடாது. கமராக் கண்ணாடியில் சிலந்தி வலை கட்டினால் இரவெல்லாம் அசைவு என்று காட்டும், மாதம் ஒருமுறை துணியால் துடைத்துவிடுங்கள்.