புதுச்சேரியில் இரண்டு நாள்: வாய்க்காலின் இரு கரைகளையும் பார்ப்பதற்கான திட்டம்

வார இறுதியில் புதுச்சேரிக்கு வருவோரில் பெரும்பாலோர் கடற்கரைச் சாலையையும் அதன் பின்னால் உள்ள ஐந்தாறு மஞ்சள் நிற வீதிகளையும் சுற்றிவிட்டு, ஊரையே பார்த்துவிட்டதாக எண்ணித் திரும்புகின்றனர். வடக்கு தெற்காக ஓடி நகரைப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதியும் மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதியும் இருக்கின்றன. மேற்கைப் பார்க்காதவர் புதுச்சேரியில் பாதியைத்தான் பார்த்தவர் என்பது என் உறுதியான எண்ணம். எனவே ஒரு நாளைக் கிழக்குக் கரைக்கும் ஒரு நாளை மேற்குக் கரைக்கும் ஒதுக்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை இரவே ஊருக்குள் வந்து சேருமாறு திட்டமிடுவது நல்லது.

எந்த வாரம் என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும். நடந்து பார்க்கவேண்டிய ஊர் என்பதால் மார்கழிப் பிற்பகுதியிலிருந்து மாசி வரையிலான நாள்களே உகந்தவை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும், சித்திரையிலிருந்து கடும் வெயிலும் நடையைக் கெடுத்துவிடும். ஆங்கிலப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் அறை வாடகையும் கூட்டமும் மிகுந்துவிடுவதால் அவற்றைத் தவிர்க்கலாம். மாசி மகத்தை ஒட்டி வரமுடிந்தால் அதைவிடச் சிறந்த காலம் இல்லை: மயிலம் முருகன் உட்படச் சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவமூர்த்திகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவர். வெயிலுக்கு அஞ்சாதவர்கள் ஆடி ஐந்தாம் வெள்ளியன்று வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரைக் காணலாம். பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த வழக்கத்தைத் தொடர்ந்து இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர்; மூன்றரை மணி நேரம் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். தென் மாவட்டங்களிலிருந்து ரயிலில் வருவோர் விழுப்புரத்தில் இறங்கிப் பேருந்தில் வருவது எளிது. தங்குவதற்கு மிஷன் வீதியை ஒட்டிய பகுதியைப் பரிந்துரைப்பேன். அங்கிருந்து கடற்கரையும் பெரிய மார்க்கெட்டும் நடக்கும் தொலைவிலேயே உள்ளன. சொந்தக் காரில் வந்தாலும் அதை விடுதியிலேயே விட்டுவிட வேண்டும்.

சனிக்கிழமை விடியும் முன்பே கடற்கரைக்குச் சென்றுவிடுங்கள். செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட கருங்கல் தூண்களுக்கு நடுவே நிற்கும் காந்தி சிலை, 1836இல் எழுந்த பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்கான பிரெஞ்சு நினைவுச்சின்னம் ஆகியவற்றை வெயில் ஏறுமுன் பார்த்துவிடலாம். கரையின் பெரும்பகுதியில் மணலுக்குப் பதில் பாறைகள் கிடப்பதற்குக் காரணம் உண்டு: 1980களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கிய மணல் ஓட்டத்தைத் தடுத்ததால் கரை அரிக்கப்பட்டது, நகரைக் காக்கவே பாறைகளைக் கொட்டினர். அங்கே கடலில் இறங்கிக் குளிக்க முயலவேண்டாம்.

அடுத்து தூமா வீதி, ரொமேன் ரோலன் வீதி, சுஃப்ரேன் வீதி என்று நடக்கலாம். உயர்ந்த மதில், அகன்ற வாயில், உள்ளே தோட்டம் என்று வீதிக்கு முகம் காட்டாமல் நிற்கும் வீடுகள் அவை. வீதிகள் நேர்கோட்டில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும் இந்தச் சதுரங்க அமைப்பைப் பிரெஞ்சுக்காரரின் படைப்பென்று பலரும் சொல்வதுண்டு. ஆனால் 1693 முதல் 1699 வரை ஊரைக் கைப்பற்றி வைத்திருந்த டச்சுக்காரர் வரைந்த திட்டத்துக்கும் இதில் பங்குண்டு. 1761இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கினர் என்பதையும் நினைவில் கொண்டால், இன்று காணும் கட்டடங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிற்பட்டவை என்பது விளங்கும். இப்பகுதிக்குள்ளேயே பாரதியார் நான்மணிமாலை பாடிய மணக்குள விநாயகர் கோயிலும் அரவிந்தர் ஆசிரமமும் உள்ளன. இரண்டும் நண்பகலில் மூடப்படுவதால் காலையிலேயே சென்றுவிட வேண்டும்.

வெயில் நேரத்தைப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். திங்கட்கிழமை விடுமுறை என்பதால் இதைப் பயணத்தின் கடைசி நாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம். அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளையும் பானை ஓடுகளையும் மதுச்சாடித் துண்டுகளையும் அங்கே நிதானமாகப் பார்த்த பிறகே, பிற்பகலில் நான்கைந்து கிலோமீட்டர் தெற்கே உள்ள அரிக்கமேட்டுக்குச் செல்லவேண்டும். 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்து, ரோமானிய வணிகத் தொடர்பை உலகுக்கு எடுத்துக்காட்டிய இடம் அது. எனினும் அகழ்ந்த குழிகள் மூடப்பட்டுவிட்டதால், முன்னறிவு இல்லாமல் செல்பவருக்கு மாந்தோப்பும் ஆற்றங்கரையும் மட்டுமே கண்ணில் படும். அங்கு நிற்கும் செங்கல் சுவர்களை ரோமானியருடையவை என்று எண்ணிவிடக் கூடாது. அவை 18ஆம் நூற்றாண்டில் எழுந்த கிறித்தவ குருமடத்தின் எச்சங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேற்குக் கரைக்குரியது. கல்வே சுப்புராய செட்டி வீதியிலிருந்து தொடங்குங்கள். ஊரார் இதை வைசியாள் வீதி என்பர். வீதியோரம் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதன் உள்ளே திண்ணை, செதுக்கு வேலைப்பாடுள்ள கதவு, அதற்கப்பால் முற்றம் என்று அமைந்த வீடுகள் வரிசையாக மீட்டெடுக்கப்பட்ட வீதி இது. வழிப்போக்கர் அமர இடம் தரும் இந்தத் தமிழ் வீட்டையும் முந்தின நாள் பார்த்த மதில் வீட்டையும் மனத்தில் அருகருகே வைத்துப் பார்ப்பதற்காகவே இரு கரைகளையும் அடுத்தடுத்த நாள்களில் நடக்கச் சொல்கிறேன். சில வீடுகளின் கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மாடி பிரெஞ்சுத் தூண்களோடும் இருப்பதைக் கவனியுங்கள். உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன; கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

அடுத்து பெரிய மார்க்கெட்டை ஒட்டிய ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையை வெளியிலிருந்தேனும் பார்க்கவேண்டும். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளாகவும், இருந்த பிள்ளை, 1736 முதல் ஏறத்தாழ கால் நூற்றாண்டு எழுதிய நாட்குறிப்பின் சில பக்கங்களையேனும் ஊருக்குக் கிளம்புமுன் படித்துவிட்டு வருவது, எந்த வழிகாட்டி நூலையும்விடப் பயன் தரும். 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் எழுதியுள்ள பகுதியைப் படித்தவருக்கு, மிஷன் வீதியில் அந்தப் பழைய கோயிலுக்கு அருகே இருந்த சம்பா கோயில் எனும் மாதா தேவாலயத்தின் முன் நிற்பதும், பின்னாளில் வேறிடத்தில் எழுப்பப்பட்ட வேதபுரீசுவரர் கோயிலில் நிற்பதும் வெறும் சுற்றுலாவாக இராது.

பாரதியார் 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் அடைக்கலம் பெற்றிருந்தார். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் வாழ்ந்த வீடும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீடும் இன்று நினைவில்லங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். அவற்றைப் பார்த்தபின் நேரமிருந்தால் காந்தி வீதியின் ஞாயிற்றுச் சந்தைக்குள் நுழையலாம்.

ஆரோவில்லை இந்தப் பயணத்தில் சேர்க்கவேண்டாம் என்பதே என் ஆலோசனை. அங்குள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திரின் உள்ளே செல்ல முன்பதிவு தேவை. போக வரவும் சேர்த்து அரைநாள் போய்விடும், அந்த அரைநாளை மேற்குக் கரையிலிருந்துதான் எடுக்கவேண்டியிருக்கும்.

ஞாயிறு மாலையில் சென்னைப் பேருந்துகள் நிரம்பிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் நெரிசல் கூடும். மதிய உணவு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். திங்கட்கிழமை விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் ஞாயிறு இரவும் தங்கி, கூட்டம் கலைந்த கடற்கரைச் சாலையில் வாகனங்கள் இல்லாத இரவு நேரத்தில் ஒருமுறை நடந்துவிட்டு மறுநாள் காலையில் ஊர் திரும்பலாம்.