ஹெட்லைட் மஞ்சள் பூத்துவிட்டதா? 400 நம்பர் தாளில் அவசரப்படாதீர்கள்

போன வருடம் ஒரு இரவு தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு வந்துகொண்டிருந்தேன். ஆலங்குளம் தாண்டியதும் முன்னால் ஒரு வைக்கோல் டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. பின்னால் விளக்கு இல்லை. மிக அருகில் போன பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. பிரேக்கில் ஏறி நின்று எப்படியோ தப்பினோம். பின் இருக்கையில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள்.

அதற்கு முந்தைய மாதம்தான் இரண்டு பல்பையும் மாற்றியிருந்தேன். ஆகவே குறை பல்பில் இல்லை. காலையில் வண்டி முன்னால் உட்கார்ந்து பார்த்தபோது புரிந்தது, பல்புக்கு முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் கூடு பழைய பீங்கான் மாதிரி மங்கி மஞ்சளாகியிருந்தது. 2012இல் வாங்கிய வண்டி, அன்றிலிருந்து வெட்டவெளியில்தான் நிற்கிறது. அப்பா பார்த்துவிட்டு, "எனக்குப் புரை எடுத்தாங்கள்ல, அதேதான் இதுக்கும்" என்றார். அவர் சொன்னது ஏறக்குறைய சரி.

அம்பாசிடர் காலத்து ஹெட்லைட்டுகள் கண்ணாடி. கல் பட்டால் உடையும், ஆனால் மஞ்சளாகாது. இப்போது வருவது பாலிகார்பனேட். எடை குறைவு, லேசில் உடையாது, எந்த வடிவத்துக்கும் வார்க்கலாம். ஆனால் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது, சுலபமாகக் கீறலும் விழும். அதனால் தொழிற்சாலையிலேயே மேலே மெல்லிய, கெட்டியான ஒரு பூச்சு கொடுத்து அனுப்புகிறார்கள். வருடக்கணக்கில் வெயில் வாங்கி அந்தப் பூச்சுதான் முதலில் சாகிறது. வானத்தைப் பார்த்த மேல் பாதி அதிகம் மங்கி, கீழ்ப் பாதி ஓரளவு தெளிவாக இருப்பது இதனால்தான். பூச்சு போன இடத்தில் அடியில் உள்ள பிளாஸ்டிக்கின் மேல்தோலும் பழுக்கிறது. அதற்கும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நன்றாகவே இருக்கும்.

ஆக, வேலை இரண்டு: செத்த பூச்சை முழுக்க எடுப்பது, புதுப் பூச்சு கொடுப்பது. பெரும்பாலான வீடியோக்கள் முதல் பாதியோடு முடிந்துவிடுகின்றன. நானும் அப்படித்தான் முதலில் செய்தேன். பளபளவென்று வந்தது, ஐந்து மாதத்தில் பழையபடி மங்கிவிட்டது. பூச்சில்லாத பிளாஸ்டிக்கை வெயிலில் விட்டால் வேறென்ன ஆகும்?

அமெரிக்காவில் வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2018இல் இதைச் சோதித்துப் பார்த்தது. மங்கிய ஹெட்லைட்டுகள் புதியவை தரும் வெளிச்சத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தந்தன. அதைப் படித்த பிறகு ஆலங்குளத்து டிராக்டர் எனக்கு ஆச்சரியமாகத் தோன்றவில்லை.

முதலில் ஒரு சோதனை

ஹெட்லைட்டின் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெளிந்து, காய்ந்ததும் மங்கினால் கோளாறு வெளிப்பக்கத்தில் இருக்கிறது. உங்களால் சரிசெய்ய முடியும். ஈரத்திலும் மங்கலாகவே இருந்தால் பூச்சு மிக மோசமாகப் பழுத்திருக்கலாம், அல்லது உள்பக்கம் நீராவி படிந்திருக்கலாம். உள்ளே பல்பின் வெளிச்சத்தை முன்னால் திருப்பும் வெள்ளித் தட்டு கருகியிருந்தாலும், பிளாஸ்டிக்குக்குள்ளேயே முடி மாதிரி நுண்விரிசல் ஓடியிருந்தாலும் எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. அதற்குப் புது ஹெட்லைட்தான்.

வாங்க வேண்டியவை

கார் பெயின்ட் கடைக்குப் போங்கள். சாதாரண ஹார்டுவேர் கடையில் பெரிய நம்பர் தாள் (நம்பர் கூடக் கூட தாள் நைசாகும்) பெரும்பாலும் கிடைக்காது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர்: 400, 600, 800, 1000, ஒவ்வொன்றிலும் இரண்டு தாள். மரத்துக்கான உப்புத்தாள் வேண்டாம், தண்ணீரில் ஊறிக் கிழிந்துவிடும். நல்ல மாஸ்கிங் டேப், ஐசோபுரோபைல் ஆல்கஹால், பஞ்சு உதிராத துணி. தாளைச் சுற்றிப் பிடிக்க, பழைய ஹவாய் செருப்பிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. பட்டறையில் பெயின்டர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவது அதுதான், அதைவிடச் சிறந்த கட்டை எனக்குக் கிடைக்கவில்லை. வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாக விழும்.

டூத்பேஸ்ட் கொஞ்சம் தேய்க்கும், அவ்வளவுதான். சில வாரத்தில் போய்விடும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள், பாலிகார்பனேட்டில் நுண்விரிசல் விடும். டீட் கலந்த கொசு விரட்டி மருந்தைத் தடவினால் பளபளப்பது உண்மைதான். மேல்தோலைக் கரைத்துவிடுவதால் வரும் பளபளப்பு அது. நிலைக்காது, பிளாஸ்டிக்கும் கெடும்.

தேய்ப்பது

வண்டியைக் கழுவி, பானெட்டைத் திறந்துவையுங்கள். ஹெட்லைட்டைச் சுற்றியுள்ள பெயின்ட் மேல் டேப் ஒட்டுங்கள், இரண்டு அடுக்காக. ஒரு அடுக்கு 400 நம்பர் தாளுக்குத் தாங்காது.

தாளைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போடுங்கள். வாளியில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டால் தாள் வழுக்கி ஓடும். 400இல் தொடங்கி இடவலமாக, ஒரே திசையில் தேயுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். முதலில் மஞ்சளாக ஒரு பால் வடியும். அதைப் பார்த்ததும் ஒரு திருப்தி வரும். ஏமாறுவதும் அங்கேதான்.

ஈரமாக இருக்கும்போது எல்லாம் தெளிவாகத் தெரியும் என்று மேலே சொன்னேன் இல்லையா? தேய்க்கும்போதும் அதே கதைதான். பாதிப் பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஈரத்தில் தெரியாது. பால் வெளுத்துவிட்டதே என்று நான் பதினைந்தே நிமிடத்தில் 600க்குப் போனேன். அடுத்தடுத்து எல்லாத் தாளும் போட்டு, துடைத்து, வெயிலில் பார்த்தபோது தீவு தீவாகத் திட்டு. ஒவ்வொரு திட்டைச் சுற்றியும் வரைபடத்தில் கடற்கரை வரைந்த மாதிரி ஒரு கோடு. அந்தத் தீவுகள்தான் எடுபடாத பழைய பூச்சு. பெரிய நம்பர் தாளால் அதைக் கரைக்கவே முடியாது. மறுபடி 400இலிருந்து தொடங்கினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் தேய்த்ததும் கழுவி, துணியால் முழுக்கத் துடைத்து, இரண்டு நிமிடம் காயவிடுங்கள். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எங்காவது கோடு தெரிகிறதா, எங்காவது ஒரு இடம் மற்றதைவிடப் பளபளக்கிறதா? அங்கே மறுபடி தேயுங்கள். மேல் விளிம்பிலும், பம்பரை ஒட்டிய மூலையிலும் பூச்சு கடைசி வரை ஒளிந்திருக்கும். முழு ஹெட்லைட்டும் ஒரே சீராக, பால் கண்ணாடி மாதிரி வெளுத்து, கோடே இல்லாமல் இருந்தால்தான் 400 முடிந்தது. எனக்கு ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. பார்க்கப் பயமாக இருக்கும், முன்பைவிட மோசமாக்கிவிட்டோமோ என்று தோன்றும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

இதற்குப் பிறகு சுலபம். 600ஐ மேலும் கீழுமாக, 800ஐ இடவலமாக, 1000ஐ மறுபடி மேலும் கீழுமாக. திசை மாற்றுவதால் முந்தைய தாளின் கீறல் தனியாகத் தெரியும், அது மறைந்ததும் அடுத்ததற்குப் போகலாம். ஒவ்வொன்றும் பத்து நிமிடம்.

புதுப் பூச்சு

என் தேர்வு டூ-கே கிளியர் கோட், அதாவது ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடிக்கும், நிறமில்லாத பூச்சு. கார் பெயின்டின் மேல் அடிப்பதும் இதுதான். கடையில் கிடைக்கும் சாதாரண அக்ரிலிக் கிளியர் ஸ்ப்ரே டப்பா வெயில் தாங்காது, காசு வீண்.

ஒரு முக்கியமான விஷயம். ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு மிகவும் கெடுதல். துணி மாஸ்க்கோ என்-95ஓ அந்த ஆவியைத் தடுக்காது, கேட்ரிட்ஜ் வைத்த முகமூடி வேண்டும். அதனால் தேய்ப்பதை மட்டும் நான் செய்தேன். பிறகு தெரிந்த டிங்கரிங் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். வேறு ஒரு வண்டிக்குக் கிளியர் அடிக்கும்போது மிச்சத்தில் என் ஹெட்லைட்டுக்கும் அடித்துத் தந்தார் பெயின்டர் அண்ணன். தேய்த்துக் கொண்டுவந்ததால் இருநூறு ரூபாய்தான் வாங்கினார். நீங்களும் இதையே செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

அடிப்பதற்கு முன் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்கச் சொல்லுங்கள். பட்டறையில் பழக்கதோஷத்தில் தின்னர் துணியை எடுப்பார்கள், தடுத்துவிடுங்கள். துடைத்த பிறகு விரல் படக்கூடாது. முதல் கோட் தூவினாற்போல மெல்லிசாக, பத்து நிமிடம் விட்டு அடுத்த இரண்டு கோட் நிறைவாக. 1000 நம்பர் தாளின் வெள்ளை மங்கல் அப்படியே கண் முன்னால் மறையும். அதைப் பார்க்கக் கட்டாயம் பக்கத்தில், ஆனால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகத் தள்ளி நில்லுங்கள். அப்புறம் ஒரு வாரம் ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டாம்.

கிளியர் அடிக்க வசதியில்லை என்றால் 1500, 2000, 3000 வரை தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் பாலிஷ் செய்து, மேலே பெயின்ட் பாதுகாப்புக்கு ஒட்டும் பிபிஎஃப் ஃபிலிம் ஒட்டலாம். ஃபிலிம் ஒட்டும் கடைகளில் வெட்டுத்துண்டாகக் கேட்டால் மலிவு.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்து பார்த்தவர்கள் சொன்ன சிக்கல்கள்:

மதுரையிலிருந்து ஒருவருக்கு ஒரே மாதத்தில் கிளியர் தோல் உரிவது போல உரிந்துவிட்டது. விசாரித்தால், 3000 வரை போய் பாலிஷும் போட்டுவிட்டு அதன் மேல் கிளியர் அடித்திருக்கிறார். வழவழப்பில் பூச்சு பிடிக்காது, காம்பவுண்டின் எண்ணெயும் இருக்கும். கிளியர் அடிப்பதானால் 1000உடன் நிறுத்துங்கள். நான் அதைத் தெளிவாக எழுதாதது தவறு.

தூத்துக்குடி நண்பருக்குப் பூச்சு பால் மாதிரி வெளுத்துப்போனது. ஐப்பசி மழையில், காலை ஏழு மணிக்கு அடித்திருக்கிறார். காற்றில் ஈரம் அதிகமானால் இப்படி ஆகும். வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல், நிழலில் வைத்து அடிக்க வேண்டும். அவர் 800இலிருந்து மறுபடி தேய்த்து அடித்ததில் சரியாகிவிட்டது.

டிரில்லில் பாலிஷிங் பேட் மாட்டலாமா என்று மூன்று பேர் கேட்டார்கள். ஒரே இடத்தில் இரண்டு நொடி நின்றாலும் சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும். முதல் தடவை கையாலேயே செய்யுங்கள்.

வெளிச்சம் போதவில்லை என்று 90/100 வாட் பல்பு போட்டிருப்பவர்கள், இந்த வேலை முடிந்ததும் பழைய 55/60 வாட்டுக்கே திரும்பிவிடுங்கள். அந்தச் சூடு உள்பக்க வெள்ளித் தட்டைக் கருக்கும், அதை எந்தத் தாளும் சரிசெய்யாது. எதிரே வருபவருக்கும் கண் கூசும். எனக்கு இப்போது 55/60 வாட்டிலேயே ஆலங்குளம் சாலையில் ஓரத்து மைல்கல் வரை படிக்க முடிகிறது.